பதில் தராத போர்டு: கிளென்மார்கன் சூழலில் லினக்ஸ் கணினியும் மைக்ரோகன்ட்ரோலர் நிரலேற்றமும்

1. ஆய்வுப் பொருளும் களமும்

உதகைக்கு வடமேற்கே, சோலூர் பக்கம் இருக்கிறது கிளென்மார்கன். தேயிலைத் தோட்டங்களாலும் நீர்த்தேக்கத்தாலும் அறியப்பட்ட ஊர். பைக்காரா நீர் இங்கே தேங்கி, இரும்புக் குழாய்கள் வழியாக ஏறத்தாழ 3000 அடி கீழே சிங்காராவிலுள்ள மின்நிலையத்துக்கு இறங்குகிறது. 1932-இல் ஓடத் தொடங்கிய அந்த நிலையத்தின் மின்சாரம் கோவையின் நூற்பாலைகளை ஓட்டியது. பம்பு, மோட்டார் தொழில்கள் அங்கே வேரூன்றத் துணைநின்றது. இன்று கிளென்மார்கனில் ஒருவருடைய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு கெட்டுப்போனால், மாற்றுப் போர்டு பெரும்பாலும் அதே கோவையிலிருந்துதான் மலையேறி வர வேண்டும்.

இந்த ஊரில் மைக்ரோகன்ட்ரோலருக்கு உண்மையான வேலை உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமில்லாத இரவுகளில் தரையும் செடியும் தங்கள் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. தலைகுந்தா, அவலாஞ்சி, கிளென்மார்கன் போன்ற இடங்களில் விடியற்காலையில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதும், உறைபனி பட்ட தேயிலைக் கொழுந்து கருகுவதும் இதனால்தான். வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஏறக்குறைய 1.25 மீட்டர் உயரத்தில், நிழற்கூண்டுக்குள் இருக்கிறது. அது 3 டிகிரி காட்டும் இரவிலும் பள்ளத்திலுள்ள செடியின் இலை உறைநிலைக்குக் கீழே போயிருக்கலாம். அதனால் செடி மட்டத்திலேயே, மேட்டுக்கு ஒன்று பள்ளத்துக்கு ஒன்று என்று வெப்பநிலை அளவிகள் தேவை. ஆர்டுயினோ நானோ வகைப் போர்டு ஒன்று, டிஎஸ்18பி20 உணரி ஒன்று, குறுஞ்செய்தி அனுப்ப ஜிஎஸ்எம் மாட்யூல் ஒன்று: பொருட்கள் இவ்வளவே.

கணினியும் எட்டாத தொலைவில் இல்லை. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது அது. பழைய மடிக்கணினியில் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டு அதிலிருந்து நிரல் ஏற்றுவது, செலவு பார்க்கும் மாணவருக்கும் சிறு தோட்டக்காரருக்கும் சரியான வழி. அந்த வழியில் எங்கெங்கே இடறுகிறது, இடறிய இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் நிறுவ முயல்வது ஒன்றைத்தான். நிரலேற்றம் தோற்கும்போது திரையில் வரும் பிழைச்செய்தி, நிரல் போகும் சங்கிலியின் மேல்முனையில் நிற்கும் மென்பொருள் சொல்வது. காரணமோ பெரும்பாலும் அதற்குப் பல கண்ணிகள் கீழே இருக்கிறது. ஆகவே விசாரணை கேபிளில் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே விசாரிக்க முடியும். வழக்கமாகக் குறையாகச் சொல்லப்படும் அதன் வெளிப்படைத்தன்மை இங்கே நமக்குப் பெரிய துணை.

2. நிரல் போகும் வழி

நிரல் எழுதும் மென்பொருளான ஆர்டுயினோ ஐடிஇ-யில் அப்லோட் பொத்தானை அழுத்தியதும் நடப்பவை பல. ஏவிஆர்-ஜிசிசி என்ற தொகுப்பி நிரலை எந்திர மொழிக்கு மாற்றுகிறது. ஏவிஆர்டியூட் என்ற மென்பொருள் அதை எடுத்துக்கொண்டு ஒரு சாதனக் கோப்பைத் திறக்கிறது. கெர்னலின் சீரியல் டிரைவர் அந்தத் தரவை யூஎஸ்பி வழியே அனுப்ப, போர்டிலுள்ள மாற்றிச் சில்லு அதைச் சீரியல் துடிப்புகளாக்குகிறது. மைக்ரோகன்ட்ரோலருக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் பூட்லோடர் அவற்றை வாங்கி நினைவகத்தில் எழுதுகிறது.

முதல் படியைப் பிரித்தறிவது எளிது. ‘வெரிஃபை’ மட்டும் அழுத்திப் பார்த்தால் போதும். அது வெற்றி பெற்றால் நிரலில் இலக்கணப் பிழை இல்லை. அதன் பிறகும் நிரலைத் திருத்திக்கொண்டே இருப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். போர்டுக்கு ஒரு எழுத்துகூடப் போய்ச் சேராத நிலையில் நிரலின் உள்ளடக்கம் எப்படி இருந்தால் என்ன?

பழைய கணினிக்கு ஒரு குறிப்பு. ஆர்டுயினோ ஐடிஇ-யின் இரண்டாம் பதிப்பு லினக்ஸில் 64-பிட் அமைப்பில் மட்டுமே ஓடும். 32-பிட் கணினிக்கு 1.8.19 பதிப்பே கதி. இரண்டாம் பதிப்பின் ஆப்இமேஜ் கோப்பு உபுண்டு 22.04-இல் சத்தமின்றி மூடிக்கொண்டால், லிப்ஃப்யூஸ்2 நூலகம் இல்லாததே காரணம்.

3. கேபிளும் கெர்னலின் பதிவும்

முதல் சாட்சி கெர்னல். டெர்மினலில் டிமெசேஜ் கட்டளையைத் தொடர்ந்து காட்டும்படி ஓடவிட்டு (டெபியனிலும் புதிய உபுண்டுவிலும் இதற்கு சூடோ, அதாவது நிர்வாகி உரிமை, வேண்டும்) போர்டைச் செருக வேண்டும். மூன்றில் ஒன்று நடக்கும்.

ஒரு வரிகூட வராமல் போகலாம். போர்டின் விளக்கு எரிந்தாலும் அது மின்சாரம் வருவதற்கு மட்டுமே சான்று. மொபைல் சார்ஜ் செய்ய மட்டும் செய்யப்பட்ட கேபிள்களில் தரவுக்கான இரண்டு கம்பிகள் இருப்பதில்லை. கேபிளை மாற்றாமல் வேறு எதையும் தொடக்கூடாது.

வரிகள் வந்தும் மைனஸ் 71 அல்லது மைனஸ் 110 என்ற பிழை எண்ணோடு முடியலாம். முன்னது யூஎஸ்பி உரையாடல் சிதைந்ததையும் பின்னது பதில் வராமல் நேரம் கடந்ததையும் குறிக்கும். நீலகிரியின் ஈரத்தில் இதை அடிக்கடி எதிர்பார்க்கலாம். ஆடி மாதமெல்லாம் மூடுபனியில் கிடந்த போர்டின் மைக்ரோ-யூஎஸ்பி வாயில் பச்சை படிந்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து நன்றாகக் காயவிட்டுப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் அதைத் தவிர்த்து நேரடியாகச் செருக வேண்டும்.

மூன்றாவது, சாதனம் தன் அடையாள எண்ணைச் சொல்லிவிடுவது. எல்எஸ்யூஎஸ்பி கட்டளையும் அதையே காட்டும். 1ஏ86:7523 என்றால் மலிவான நானோக்களில் எங்கும் காணப்படும் சிஹெச்340 சில்லு. 0403:6001 என்றால் எஃப்டிடிஐ. 10சி4:ஈஏ60 என்றால் பல ஈஎஸ்பி32 போர்டுகளில் உள்ள சிபி2102. இந்தச் சில்லுகள் மூன்றுக்கும் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. விண்டோஸ் பழக்கத்தில் இணையத்தில் டிரைவர் தேடிக் கண்ட கோப்பைத் தொகுத்து நிறுவுவது லினக்ஸில் தேவையற்ற வேலை. பல நேரம் புதிய தொல்லை.

0403:0000 என்ற விசித்திர எண் வந்தால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2014 அக்டோபரில் விண்டோஸுக்கு வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலிச் சில்லுகளைக் கண்டால் அவற்றின் அடையாள எண்ணைச் சுழியமாக மாற்றி எழுதியது. வாங்கியவருக்குத் தன் கையிலிருப்பது போலி என்றே தெரியாது. ஒரு நாள் விண்டோஸ் கணினியில் செருகினார், பிறகு எந்தக் கணினியிலும் அது வேலை செய்யவில்லை. லினக்ஸ் கெர்னல் பின்னர் அந்தச் சுழிய எண்ணையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வணிகச் சண்டையில் இறுதிப் பயனரின் பொருளை முடக்குவதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. கெர்னல் எழுதுவோர் செய்ததே சரி.

4. வந்து மறையும் சாதனக் கோப்பு

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நல்ல போர்டுகள் பல ‘கெட்டுப்போனது’ என்று ஒதுக்கப்படுகின்றன.

எல்லாம் சரியாக இருந்தால் சிஹெச்340 போர்டு டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயரில் சாதனக் கோப்பாகத் தோன்றும். உபுண்டு 22.04-இலும் அதன் வழிவந்த சில அமைப்புகளிலும் அது தோன்றி உடனே மறைந்துவிடும். ஐடிஇ-யில் போர்ட் பட்டியல் மங்கலாக இருக்கும். எல்எஸ்யூஎஸ்பி போர்டைக் காட்டும். ஆனால் சாதனக் கோப்பு இராது. கெர்னல் பதிவைப் பொறுமையாகப் படித்தால் விடை அங்கேயே இருக்கும்: மாற்றி இணைக்கப்பட்டது என்று ஒரு வரி, அடுத்து பிஆர்எல்டிடிஒய் என்ற பெயர் வரும் ஒரு வரி, பிறகு மாற்றி துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி.

பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் திரைகளைக் கணினியோடு இணைக்கும் மென்பொருள். ஒரு பிரெய்ல் திரையின் உள்ளே இதே சிஹெச்340 சில்லு, தனக்கென்று வேறு எண் பெறாமல், அதே பொது எண்ணோடு இருக்கிறது. ஆகவே 1ஏ86:7523 என்ற எண்ணைக் கண்டதும் பிரெய்ல் திரை வந்துவிட்டது என்று நம்பி அந்த மென்பொருள் நானோவைக் கைப்பற்றிக்கொள்கிறது. கெர்னல் டிரைவர் விலகிவிடுகிறது.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் தீர்வு, அந்தத் தொகுப்பையே நீக்கிவிடு என்பது. தனி ஒருவரின் கணினியில் அது பரவாயில்லை. பள்ளியிலோ நூலகத்திலோ பலர் பகிரும் கணினியில் அப்படிச் செய்யக் கூடாது. நாளை அங்கே ஒரு பார்வையற்ற மாணவி பிரெய்ல் திரையோடு வந்து உட்காரலாம். யாரோ நானோவுக்கு நிரல் ஏற்றிய வசதிக்காக அவருடைய கணினி ஊமையாகியிருக்கும். குறிப்பான வழி ஒன்று உண்டு. செருகிய சாதனத்தை என்ன செய்வது என்று சொல்லும் பிஆர்எல்டிடிஒய்-இன் யூடெவ் விதிக்கோப்பை அதே பெயரில் ஈடிசி அடைவின் விதிகளுக்குள் நகலெடுத்து, இந்த ஓர் எண்ணுக்கான வரியை மட்டும் செயலிழக்கச் செய்துவிட்டு, விதிகளை மறுபடி ஏற்றினால் போதும். இந்த எண்ணைக் கொண்ட ஒரு மாதிரி தவிர மற்ற பிரெய்ல் திரைகள் வழக்கம்போல் இயங்கும். பிந்தைய பதிப்புகளில் இந்த மோதல் சரிசெய்யப்பட்டிருப்பதால், முடிந்தால் அமைப்பைப் புதுப்பிப்பதே முதல் வேலை.

இதன் உறவினர் போன்ற இன்னொரு சிக்கலும் மலையூர்களுக்குப் பொருந்தும். மோடம்மேனேஜர் என்ற பின்னணிச் சேவை, புதிதாக ஒரு சீரியல் சாதனம் வந்ததும் அது மோடமா என்று அறிய ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். லியனார்டோ, புரோ மைக்ரோ போன்ற ஏடிமெகா32யூ4 போர்டுகளில் பூட்லோடர் ஏறத்தாழ 8 வினாடி மட்டுமே விழித்திருக்கும். அந்தச் சில வினாடிகளை மோடம்மேனேஜர் விழுங்கிவிட்டால், சாதனம் பயன்பாட்டில் உள்ளது என்ற செய்தியோடு நிரலேற்றம் தோற்கும். அகலப்பட்டை இணையக் கம்பி எட்டாத தோட்டத்தில் இணையமே யூஎஸ்பி டாங்கிளை நம்பி இருக்கும்போது அந்தச் சேவையை நீக்க முடியாது. நீக்கவும் வேண்டாம். இந்த அடையாள எண் கொண்ட போர்டை மோடம் என்று எண்ணாதே என்று யூடெவ் விதியில் ஒரு வரி எழுதலாம். புதிய பதிப்புகளின் மோடம்மேனேஜர் கண்ட சாதனத்தையெல்லாம் தட்டிப் பார்ப்பதைப் பெரிதும் குறைத்துக்கொண்டுள்ளது.

5. அனுமதி

சாதனக் கோப்பு இருக்கிறது, ஆனால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வருகிறது. காரணம் ஒன்றுதான்: டெபியன், உபுண்டு, பாஸ் வகைகளில் அந்தக் கோப்பு டயல்அவுட் குழுவுக்குச் சொந்தம், ஆர்ச் வகையில் யூயூசிபி குழுவுக்கு. யூசர்மாட் கட்டளையால் உங்கள் பெயரை அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது ‘கூடுதலாக’ என்பதைக் குறிக்கும் சிறிய ஏ விருப்பத்தை விட்டுவிட்டால், நீங்கள் இருந்த மற்ற குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும், சூடோ குழு உட்பட, நீக்கப்படுவீர்கள். சேர்த்த பின் வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். டெர்மினலை மட்டும் மூடித் திறந்துவிட்டு ‘சேர்த்தும் பயனில்லை’ என்று கைவிடுவோர் ஏராளம்.

ஐடிஇ-யை சூடோவோடு ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அன்றைக்கு வேலை நடந்துவிடும். ஆனால் வீட்டு அடைவுக்குள் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகளை அது விட்டுச் செல்லக்கூடும். அடுத்த முறை சாதாரணமாகத் திறக்கும்போது நூலகம் நிறுவ முடியாது, அமைப்பைச் சேமிக்க முடியாது. ஒரு சிறு குறையை மறைத்து மூன்று குறைகளை உண்டாக்கியிருப்போம். ஐடிஇ-யை ஸ்னாப் அல்லது ஃப்ளாட்பாக் வடிவில் நிறுவியிருந்தால், குழுவில் இருந்தாலும் அந்தச் சிறைக்குள்ளிருந்து சாதனக் கோப்பை எட்ட முடியாமல் போகலாம். தனியே அனுமதி கொடுக்க வேண்டும்.

6. பூட்லோடர் பேசாதபோது

‘ஒத்திசையவில்லை, வந்த பதில் 0எக்ஸ்00’ என்று ஏவிஆர்டியூட் பத்து முறை வரை முயன்று ஓய்வது, தொடங்குவோர் மிக அதிகம் காணும் பிழை. இதன் பொருள், சாதனக் கோப்பு திறந்தது, பைட்டுகள் அனுப்பப்பட்டன, எதிர்ப்பக்கத்திலிருந்து எதிர்பார்த்த மறுமொழி வரவில்லை என்பது மட்டுமே. காரணம் கணினிப் பக்கமா, மைக்ரோகன்ட்ரோலர் பக்கமா என்று அது சொல்வதில்லை.

அதைப் பிரித்துக் காட்ட நான் மிகவும் மதிக்கும் சோதனை ஒன்று உண்டு. நானோவின் ரீசெட் பின்னைக் கிரவுண்டோடு ஒரு ஒயரால் இணையுங்கள். மைக்ரோகன்ட்ரோலர் மயக்கத்தில் இருக்கும். இன்னொரு ஒயரால் 0, 1 எண்ணுள்ள பின்களை ஒன்றோடொன்று இணையுங்கள். பிறகு பிக்கோகாம் போன்ற சீரியல் டெர்மினலைத் திறந்து எதையாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் கணினி, கெர்னல், அனுமதி, கேபிள், மாற்றிச் சில்லு ஐந்தும் ஒரே வீச்சில் குற்றமற்றவை என்று தீர்ந்தது. திரும்பி வராவிட்டால் மைக்ரோகன்ட்ரோலரைக் குறைசொல்ல இடமில்லை. முன் பிரிவுகளுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு ஒயர்த் துண்டுகளைத் தவிர இதற்கு எதுவும் வேண்டாம். கோவைக்கு ஆளனுப்பும் முன் இதைச் செய்யாதிருப்பது பணத்தையும் நாளையும் வீணாக்குவது.

எழுத்து திரும்பி வந்தும் நிரல் ஏறவில்லை என்றால், முதலில் வேகத்தைப் பார்க்க வேண்டும். ஊனோவில் உள்ள ஆப்டிபூட் என்ற பூட்லோடர் 115200 வேகத்தில் பேசும். நானோவின் பழைய பூட்லோடர் 57600-இல் பேசும். 2018 முதல் அசல் நானோக்கள் புதியதற்கு மாறிவிட்டன. சந்தையில் கிடைக்கும் நகல்களில் பல இன்னும் பழையதையே சுமக்கின்றன. ஐடிஇ-யின் புராசஸர் பட்டியலில் ‘பழைய பூட்லோடர்’ என்பதைத் தேர்ந்தெடுத்ததும் உயிர்பெற்ற நானோக்கள் எண்ணற்றவை.

அடுத்து, 0, 1 பின்களில் என்ன மாட்டியிருக்கிறது? உறைபனி அளவியில் ஜிஎஸ்எம் மாட்யூலை அங்கே இணைத்திருந்தால், அதுவும் அதே கம்பியில் பேசி நிரலேற்றத்தைக் குலைக்கும். கழற்றிவிட்டு ஏற்ற வேண்டும். நிரந்தரமாக வேறு பின்களுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

மூன்றாவது, தானியங்கி ரீசெட். கணினி சாதனக் கோப்பைத் திறக்கும்போது டிடிஆர் கோடு தாழ்கிறது. அந்தத் துடிப்பு 100 நானோஃபேரட் மின்தேக்கி வழியே ரீசெட் பின்னுக்குப் போகிறது. அதன்பின் ஏறத்தாழ ஒரு வினாடிதான் பூட்லோடர் காத்திருக்கும். இந்த வழி அறுந்திருந்தால் கையால் ரீசெட் அழுத்தலாம். ஐடிஇ ‘அப்லோடிங்’ என்று காட்டும் கணத்தில் விட வேண்டும். சில முறை பழகினால் கைவரும்.

ஈஎஸ்பி32-இல் இதே கதை வேறு வடிவில் நடக்கிறது. ரீசெட் நேரத்தில் ஜிபிஐஓ0 தாழ்ந்திருந்தால்தான் அது நிரல் வாங்கும் நிலைக்குப் போகும். போர்டின் பூட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஏற்றினால் வேலை நடக்கிறது, விட்டால் நடப்பதில்லை என்றால், இஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே சில மைக்ரோஃபேரட் மின்தேக்கி ஒன்று வைப்பது வழக்கமான மருத்துவம். ஜிபிஐஓ12-இல் உணரியை இணைத்து அது தொடக்கத்தில் உயர்ந்திருந்தால், ஃப்ளாஷ் நினைவகத்துக்குத் தவறான மின்னழுத்தம் போய்ப் போர்டு எழவே எழாது. அந்தப் பின்னை விட்டுவிட வேண்டும். ‘பைதான்’ கட்டளை காணப்படவில்லை என்று பிழை வந்தால், உபுண்டு 20.04 முதல் பைதான்3 என்ற பெயரே இருப்பதுதான் காரணம். பெயரை ஒட்டவைக்கும் சிறு தொகுப்பு அதைத் தீர்க்கும்.

7. புரோகிராமர் வழி

பூட்லோடரே அழிந்த சில்லுக்கு யூஎஸ்பிஏஎஸ்பி போன்ற புரோகிராமர் வேண்டும். இது சீரியல் சாதனமல்ல. டயல்அவுட் குழு இதற்கு உதவாது. 16சி0:05டிசி என்ற எண்ணுக்கு யூடெவ் விதி எழுத வேண்டும்.

ஏவிஆர்டியூட் படிக்கும் சில்லின் அடையாளக் கையொப்பமே இங்கே சாட்சி. 1ஈ 95 0எஃப் என்றால் ஏடிமெகா328பி. 1ஈ 95 14 என்றால் பி இல்லாத 328. ஐடிஇ-யின் தேர்வைத்தான் மாற்ற வேண்டும், சில்லைத் தூக்கிப் போட வேண்டாம். எல்லாம் சுழியம் அல்லது எல்லாம் எஃப்எஃப் என்றால் உரையாடலே நிகழவில்லை. ஆலையிலிருந்து புதிதாக வரும் சில்லு 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால், புரோகிராமரின் கடிகாரம் அதில் கால்பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஏவிஆர்டியூட்டின் பெரிய பி விருப்பத்தால் வேகத்தைக் குறைக்கலாம். கிரிஸ்டல் இல்லாமலே வெளிக்கடிகாரம் என்று சில்லின் அமைப்பைக் குறிக்கும் ஃப்யூஸை எழுதிவிட்டால் சில்லு பேச்சற்றுப் போகும். இன்னொரு ஆர்டுயினோவிலிருந்து சதுர அலை ஒன்றை எக்ஸ்டிஏஎல்1 பின்னுக்குக் கொடுத்தால் மீட்டுவிடலாம்.

8. பனியும் மின்சாரமும்

கிளென்மார்கனில் போர்டு வேலை செய்யாவிட்டால் ‘குளிர் தாங்கவில்லை’ என்று முடிவுகட்டுவது எளிது. ஏடிமெகா328பி மைனஸ் 40 டிகிரி வரை இயங்க வடிவமைக்கப்பட்டது. நீலகிரியின் எந்த இரவும் அதற்குப் பொருட்டல்ல. கெடுப்பது நீர். விடியற்காலையில் தோட்டத்திலிருந்து எடுத்துவந்த போர்டை அடுப்பெரியும் அறைக்குள் கொண்டுவந்ததும், குளிர்ந்த அதன் மேல் காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் கிரிஸ்டலின் கால்களுக்கிடையே கசிவு உண்டாக்கினால் கடிகாரம் நிற்கும். நிரலேற்றம் ‘ஒத்திசையவில்லை’ என்று தோற்கும். மாலையில் அதே போர்டு எந்த மாற்றமும் செய்யாமல் நிரலை வாங்கிக்கொள்ளும். ஆகவே போர்டை உறையோடு அறைக்குள் கொண்டுவந்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் உறையைத் திறக்க வேண்டும். சோதித்து முடித்த போர்டின் மேல், யூஎஸ்பி வாயையும் பின்களையும் மறைத்துவிட்டு, பாதுகாப்பு வார்னிஷ் பூசுவதும் நல்லது.

மின்சாரமும் அப்படியே. ஜிஎஸ்எம் மாட்யூல் கோபுரத்தைத் தேடும்போது கணநேரத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும். மடிக்கணினியின் சாதாரண யூஎஸ்பி தருவதோ அரை ஆம்பியர். மலைமடிப்பில் சிக்னல் பலவீனமாக இருக்குமிடத்தில் அந்த இழுப்பு முழு வீச்சில் நடக்கும். நிரல் பாதி ஏறியதும் சாதனம் துண்டிக்கப்பட்டு மறுபடி இணைந்ததாகக் கெர்னல் பதிவு காட்டினால், மாட்யூலுக்குத் தனி மின்வழி கொடுத்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

நிரல் ஏறிய பிறகும் இதே முறை தொடர்கிறது. டிஎஸ்18பி20 உணரி, உறைபனி இரவில் திடீரென்று 85 டிகிரி காட்டினால் அது அளவீடு அல்ல. மின்சாரம் பெற்றதும் அதன் உள்ளே இருக்கும் தொடக்க மதிப்பு. அளக்கத் தொடங்கி முடிப்பதற்குள் மின்சாரம் விட்டுவிட்டு வந்திருக்கிறது என்பதே செய்தி. மைனஸ் 127 என்றால் நூலகம் உணரியையே காணவில்லை, 4.7 கிலோஓம் மின்தடையையும் ஒயரின் மூட்டையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் நிரலிலேயே வடிகட்டி, வெப்பநிலைப் பதிவில் சேர்க்காமல் தனியே பழுதாகக் குறித்துவைக்க வேண்டும். சேர்த்துவிட்டால் அந்த இரவின் சராசரி பொய்யாகிவிடும். செடியை மூடவேண்டிய வேளையில் எச்சரிக்கை போகாது.